மக்கால் ஊற்றிய காற்று

மின்சாரம் நின்றால் என்ன செய்ய வேண்டும் என்பதற்குப் பணிக்காலம் முழுவதும் விதிமுறை எழுதியவன் நான். கடலோரத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் மாற்று மின்சாரம் என் பொறுப்பு. ஜெனரேட்டர் எத்தனை நொடியில் ஓட வேண்டும், ஓடாவிட்டால் யார் யாரை எழுப்ப வேண்டும், எல்லாவற்றுக்கும் தாள் உண்டு. தாளுக்கு மூன்று பேர் கையெழுத்தும் உண்டு. ஓய்வு பெற்று மாமல்லபுரத்துக்கு வெளியே வீடு கட்டிய பிறகு, அதே வேலையை ஒரு பிளாஸ்டிக் மக்கை வைத்துக்கொண்டு செய்ய நேர்ந்தது.

மீன், மாப்பிள்ளை கொடுத்தது. கிரகப்பிரவேசத்துக்கு வாஸ்து மீன் என்று தொட்டியோடு கொண்டுவந்து வைத்தார். தலையில் புடைப்பு, நெருப்பு நிறம், யாரைப் பார்த்தாலும் முறைப்பு. எனக்கு அதன்மேல் பெரிய பிரியமில்லை. மனைவி தினமும் அதோடு பேசுவாள். என்னைப் போலவே அதுவும் பதில் சொல்லாது, ஆனால் கேட்கிற மாதிரியாவது நிற்கும் என்பாள்.

அந்த ஆண்டுப் புயலில் கடற்கரைச் சாலை நெடுகக் கம்பங்கள் சாய்ந்தன. அடுத்த வாரம் மனைவிக்குச் செங்கல்பட்டில் அறுவைச் சிகிச்சை. வயிற்றில் கட்டி. எடுத்துச் சோதித்தால்தான் என்ன கட்டி என்று தெரியும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். நாங்கள் அதை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

புயலுக்கு மறுநாள் காலையில் இன்வெர்ட்டர் கூவி ஓய்ந்தது. மின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"மரம் வெட்டிகினு கீறாங்க சார். கம்பம் வர்ணும், ஒயரு வர்ணும், ஆளு வர்ணும். வந்தா வரும் சார்," என்றார் எடுத்தவர். இதைவிடத் தெளிவான நிலை அறிக்கையை நான் வாசித்ததில்லை.

காற்றுக்குழாய் நின்றால் நீரில் பிராணவாயு குறையும். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். செய்ய வேண்டியது எனக்குத் தெரியும். தீனி போடக் கூடாது. வடிகட்டியின் பஞ்சைக் கழற்றித் தனியே ஈரமாக வைக்க வேண்டும். பிறகு மக்கில் மொண்டு, கையை உயர்த்தி, தண்ணீரைத் திரும்பத் தொட்டியிலேயே ஊற்ற வேண்டும். விழுகிற நீர் காற்றையும் இழுத்துக்கொண்டு போகும். எழுதுவதற்கு எளிய விதி. மொண்டேன், ஊற்றினேன். சற்று நிறுத்தினால் அது மேலே வந்து முறைத்தது.

பக்கத்து வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்தார். படாளத்தில் பயிர் வைத்த குடும்பம், இப்போது லாரி ஓட்டுகிறார்கள். குரலும் லாரி அளவு.

"இன்னா சார், மீனுக்கு அபிஷேகமா?"

"மூச்சு முட்டுதும்மா அதுக்கு."

"போவட்டும், வுடு சார். வாஸ்து மீனு செத்தா நல்லது. வூட்டுக்கு வர்றத அது வாங்கிகினு பூடும். அக்காவுக்கு வேற ஆப்ரேசன் கீது. இது போனா அக்கா நல்லா வந்துருவாங்க."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது.

அவர் போன பிறகும் ஊற்றினேன். பிறகு தோள் என் சொல்லைக் கேட்கவில்லை. மக்கை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். மனைவி வந்து தொட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஏங்க, விட்டுட்டீங்களா?"

"கை வலிக்குது."

"அந்தம்மா சொன்னதுக்கு அப்புறந்தான் வலிச்சுதா?"

வலி முன்பே தொடங்கியிருந்தது. அதற்குச் சாட்சி இல்லை. மூடநம்பிக்கை என்று எத்தனையோ பேரோடு வாதாடியிருக்கிறேன். அந்த நாற்காலியில் எனக்கு ஒரு வாதமும் வரவில்லை. மீன் மேலே வந்து வாயைத் திறந்தது.

"எனக்கு வந்தது என்னோட இருக்கட்டும். அது என்ன பண்ணுச்சு, பாவம்? நகருங்க," என்று மக்கை எடுத்தாள்.

கனமான எதையும் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னதை நினைவூட்டினேன்.

"மக்கு ஒரு கனமா?"

முறை வைத்துக்கொண்டோம். நான் ஊற்றும்போது, இன்னும் உயரத் தூக்குங்கள் என்று அவள் அதிகாரம் செய்தாள். அவள் ஊற்றும்போது நான் போதும் போதும் என்றேன். நடுவில், பயமாக இருக்கிறது என்று சொன்னாள், மீனைப் பார்த்து. எனக்கும்தான் என்றேன். நானும் மீனைத்தான் பார்த்தேன்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு மின்சாரம் வந்தது. அவள் சுவிட்சுக்கு ஓடினாள்.

"இரு, இரு. பஞ்ச அலசாம ஃபில்டரப் போடாத. அழுக்கெல்லாம் உள்ள வந்துடும்."

"கரண்டு போனாலும் உங்க ரூல் போகாது," என்றாள்.

அடுத்த வாரம் எடுத்துச் சோதித்ததில், கட்டி சாதாரணக் கட்டிதான். மீனும் பிழைத்தது. மனைவியைப் பார்க்கச் சாத்துக்குடியோடு வந்த பக்கத்து வீட்டு அம்மாளுக்குத்தான் கணக்கு உதைத்தது. தொட்டியைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கடைசியில் தைல வாடையோடு கழுத்தில் கட்டித் தொங்கிய என் கையைப் பார்த்தார்.

"தோ, சார் வாங்கிகினாரு!"

தையல் வலிக்க வலிக்க மனைவி சிரித்தாள்.

தோள் இறுகிவிட்டது, பயிற்சி செய்தால்தான் விடும் என்றார் எலும்பு மருத்துவர். கையை மேலே தூக்க வேண்டும், மெல்ல இறக்க வேண்டும். லேசாக எதையாவது பிடித்துக்கொண்டு செய்தால் நல்லது. மனைவி மக்கை எடுத்து நீட்டினாள். தொட்டிக்கு முன்னால் நின்று தூக்கினேன், இறக்கினேன். மீன் முறைத்தது.