பின் சீட்டு

சோழவந்தான் சாலையில் எங்கள் பைக்கை ஒரு லாரி இடித்தது. ஓட்டியவன் நான். பின்னால் உட்கார்ந்திருந்த என் தம்பி அங்கேயே இறந்துபோனான். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. காரியம் எல்லாம் முடிந்த பிறகு பெரியவர்கள் கூடி உட்கார்ந்து, அடுத்து பைக்கைக் கவனிக்க வேண்டும் என்று முடிவு செய்தார்கள்.

எங்கள் பக்கத்தில் அதுதான் முறை. அடிபட்ட வண்டியில் தோஷம் இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் ஹேண்டிலை நிமிர்த்தி, பாண்டி கோயிலுக்குக் கொண்டுபோய் மாலை போட்டார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து என்னையே ஏற்றச் சொன்னார்கள். பழம் நசுங்கியது. "அம்புட்டுத்தான், எல்லாம் கழிஞ்சிருச்சு" என்றார் பெரியப்பா. அப்படியும் மனசு கேட்காமல் வெளியூர்க்காரர் ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். அவரிடம் நன்றாக ஓடுகிறது என்று கேள்வி. வண்டிக்குக் குணமாகிவிட்டது.

நான் மனைவியின் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டேன். ஓட்டுவதில் சிக்கல் இல்லை. பின்னால் யாரும் ஏறக் கூடாது, அவ்வளவுதான். ஒரு கல்யாணம் என்றால் அவள் ஸ்கூட்டரில் நான் போவேன், அவள் பஸ்ஸில் வருவாள். மண்டப வாசலில் சந்தித்துக்கொள்வோம். எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை என்று சொந்தபந்தத்தில் செய்தி பரவி, மாமியார் சமாதானம் பேச ஆள் அனுப்பினார். கேட்டவர்களிடம் எல்லாம் பின் டயரில் காற்றுக் குறைவு என்று சொல்லிவந்தேன். வருடக்கணக்கில் காற்றுப் பிடிக்காத டயர் மதுரையிலேயே எங்களுடையதுதான்.

ஒருநாள் சலூனில் எனக்குச் சவரம் செய்துகொண்டிருந்தவர் என்னைத் திருப்புவதற்காக இடது தோளில் கை வைத்தார். அதே நேரம் வெளியே ஒரு லாரி ஹார்ன் அடித்தது. அடுத்து எனக்கு நினைவு தெளிந்தபோது காளவாசல் பஸ் நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தேன். கழுத்தில் வெள்ளைத் துணி, ஒரு கன்னத்தில் சோப்பு நுரை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்தார்கள். திரும்பிப் போய் மீதிக் கன்னத்தையும் வழித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மனைவி கேட்டுவிட்டுச் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"வண்டிக்குப் பூசணிக்கா உடைச்சாச்சு. வித்தும் ஆச்சு. உங்களத்தான் யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போய்க் காட்டல" என்று சொல்லி அழுதாள்.

மனநல மருத்துவரிடம் போனோம். நான் ஸ்கூட்டரில், அவள் பஸ்ஸில். அம்மாவிடம் பல் டாக்டர் என்று சொல்லியிருந்தேன். "வாராவாரம் போறியேப்பா, அம்புட்டுப் பல்லுமா சொத்தை?" என்று கவலைப்பட்டு, அம்மா எனக்கு மட்டும் சோற்றைக் குழைய வடிக்க ஆரம்பித்தாள்.

முதல் நாள் அந்த டாக்டரம்மா, "என்ன நடந்துச்சு, சொல்லுங்க" என்றார். ஹேண்டில் வளைந்தது, ஹெட்லைட் உடைந்தது, டேங்க் நசுங்கியது என்று ஒன்று விடாமல் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"வண்டிக்கு என்னாச்சுன்னு புரியுது சார். உங்களுக்கு என்னாச்சு?"

அதுவரை யாரும் அதைக் கேட்டதில்லை. எனக்கே கேட்கத் தோன்றியதில்லை. தம்பி எப்போதும் என் இடது தோளைப் பிடித்துக்கொண்டுதான் வருவான் என்றேன். ஹார்ன் சத்தம் கேட்டதும் பிடி இறுகியது, அப்புறம் கை இல்லை என்றேன். தேம்பித் தேம்பி அழுதேன். வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

மாத்திரை கொஞ்சம், பேச்சு நிறைய என்று வைத்தியம் போய்க்கொண்டிருக்கிறது. பைக் அளவுக்கு எனக்குச் சீக்கிரம் குணமாகவில்லை. ஹார்ன் சத்தத்துக்கு இப்போதும் தூக்கிவாரிப்போடும்.

போன ஆவணியில் நாகமலை புதுக்கோட்டையில் ஒரு கல்யாணம். மனைவி வழக்கம்போல் பஸ்ஸுக்குக் கிளம்பினாள். "ஏறு" என்றேன். அவள் ஏறி, என்மேல் கை படாமல் பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டாள். காளவாசல் சிக்னலில் ஒரு லாரி பக்கத்தில் வந்து நின்று ஹார்ன் அடித்தது. நின்ற வண்டியிலேயே நான் இரண்டு பிரேக்கையும் அழுத்தியதைப் பார்த்துவிட்டாள்.

"ஏங்க, நான் வேணா எறங்கி பஸ்ல வாரேன்."

"வேணாம். தோளப் பிடிச்சுக்க."

தயங்கித் தயங்கி இடது தோளில் கை வைத்தாள். பச்சை விழுந்தது.

"நல்லா இறுக்கிப் பிடி" என்றேன். "மண்டபம் போற வரைக்கும் எடுத்துறாத."