நாலாம் நம்பர் பெட்டி

பார்வதி அக்கா போன வியாழக்கிழமை காலையில் இறந்துவிட்டார். கியா பார்மில் என் கடையில் ஸ்ட்ராபெரி டப்பாக்களை அடுக்கிக்கொண்டிருந்தபோது அவருடைய மகள் கமலா போன் செய்தாள். "அம்மா போயிட்டாங்க அங்கிள்" என்றாள். கடையை அப்படியே விட்டுவிட்டுக் காரை எடுத்தேன். அந்தக் கார் ஒழுங்காக ஓடுவதற்கும் என் டீத்தூள் வியாபாரம் பிழைத்திருப்பதற்கும் அவர்தான் காரணம். தேயிலைத் தொழிற்சாலையில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கே இது முழுசாகத் தெரியாது. தெரியாமல் போனது என்னால்தான்.

டீத்தூளைச் சலித்துப் பிரிக்கும் அறையில் எட்டுப் பெண்களை மேற்பார்த்த மண்டோர் அவர். யார் என்ன எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்தாலும் வாசலிலேயே சொல்லிவிடுவார். டுரியான் பழம் சாப்பிட்டவரை மறுநாள் வரை சல்லடைப் பக்கம் விடமாட்டார். "டீத்தூள் கைக்குழந்தை மாதிரி. யார் தூக்கினாலும் அவங்க வாசம் ஒட்டிக்கும்" என்பார். இதை அவர் வாயால் கேட்காதவர்கள் உங்களில் இருக்க முடியாது.

என் அப்பா அதே எஸ்டேட்டில் துரை பங்களாவில் புல் வெட்டியவர். துரையின் கார் வந்தால் ஓரமாக ஒதுங்கி நின்றவர். அறுபதுகளில் ஓடிய அந்த இங்கிலீஷ் கார் ஒரு கொட்டகையில் துருப்பிடித்துக் கிடப்பதாகக் கேள்விப்பட்டபோது, பேரம்கூடப் பேசாமல் வாங்கினேன். நான் பேரம் பேசாமல் வாங்கிய ஒரே பொருள் அதுதான். சீராக்கி, அதன் டிக்கியில்தான் உங்கள் தொழிற்சாலை டீத்தூளை மலையடிவாரத்துத் தாப்பாவுக்குக் கொண்டுபோவேன். என்னிடம் வேன் இருந்தது. ஆனால் பழைய காரிலிருந்து பெட்டி இறங்கினால் கடைக்காரர்கள் வெளியே வந்து பார்ப்பார்கள். வியாபாரத்துக்கு அது நல்லது.

தாப்பாவில் நாலு சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ஹமீது பாய் என்னுடைய பெரிய வாடிக்கையாளர். ஒருநாள் என்னை உட்கார வைத்து ஒரு கிளாஸ் டீயை முன்னால் வைத்தார். குடித்துப் பார்த்தேன். பெட்ரோல். "அடுத்த லோடும் இப்படி வந்தா நான் வேற ஆளைப் பார்க்கணும்லா, தவுக்கே" என்றார். கடை முதலாளி யாரானாலும் அவருக்குத் தவுக்கேதான். ஆறு பெட்டியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மற்ற டெலிவரிகளை முடித்துக்கொண்டு தாப்பாவிலிருந்த பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த சீன ஃபோர்மன் பெட்ரோல் வாடைக்காக அதற்கு முன்பே இரண்டு தடவை காரைப் பார்த்தவர். தொட்டி மூடியை மாற்றியிருந்தார், பெட்ரோல் போகும் குழாயையும் மாற்றியிருந்தார். அன்றும் காருக்கு அடியில் படுத்துத் தொட்டியைக் காகிதத்தால் ஒற்றி எடுத்துக் காட்டினார். ஈரமே இல்லை. ஆக, காரில் தப்பில்லை என்று முடிவு கட்டினேன். துரையின் கார் தப்பு செய்யும் என்று நினைக்க எனக்கு மனசு வரவில்லை. சலிக்கும் அறைப் பெண்கள் தப்பு செய்வார்கள் என்று நினைக்க உடனே வந்தது.

மறுநாள் தொழிற்சாலை முற்றத்தில் நின்று நான் கத்தியதை உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். ஜெனரேட்டர் எண்ணெய்க்குப் பக்கத்தில் தூளை வைத்து என் பிழைப்பைக் கெடுத்துவிட்டார்கள் என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். ஆபீஸைப் பார்த்துக்கொண்ட கிராணி பயந்துவிட்டார். எட்டுப் பேரையும் கொழுந்து பறிக்க வெளிக்காட்டுக்கு அனுப்பிவிடுகிறேன் என்றார். அவர்களில் இரண்டு பேருக்கு முட்டி தேய்ந்திருந்தது. அந்தச் சரிவில் கொழுந்துக் கூடையைச் சுமந்து ஏறுவது அவர்களால் ஆகாது. அது எனக்கும் தெரியும்.

பார்வதி அக்கா பதிலுக்குக் கத்தவில்லை. பெட்டிகளை அறைக்குள் கொண்டுவரச் சொன்னார். கிராணி மற்றப் பெண்களை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்தினார். நான் பெட்டிகளுக்கு நம்பர் போட்டு ஒரே வரிசையில்தான் ஏற்றுவேன்: கீழே ஒன்று, இரண்டு, மூன்று, அவற்றின் மேல் நாலு, ஐந்து, ஆறு. நம்பர் கண்ணில் படாதபடி அக்கா முதுகைக் காட்டி நின்றுகொண்டார். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் ஒரு பிடி தூளை எடுத்துத் தரச் சொல்லி முகர்ந்தார். ஒரு பிடியைத் தனியாக ஒதுக்கினார். அது நாலாம் நம்பர். அதை எங்கே வைப்பீர்கள் என்று கேட்டார். மேலே, இடது மூலை என்றேன்.

"அதுக்கு அடியில இருந்த பெட்டியில லேசாத்தான் இருக்கு. வலது பக்கம் ஒண்ணுமே இல்ல. ஜெனரேட்டருக்கு இடது வலது தெரியுமா தவுக்கே? அதுவும் எங்க ஜெனரேட்டர் குடிக்கிறது டீசல். இது பெட்ரோல்."

எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கார் வறண்டு கிடப்பதை ஃபோர்மனே காட்டினார் என்றேன். அவர் கீழேயே பார்க்கிறார், நாற்றம் மேலேயிருந்து வருகிறது என்றார் அக்கா. அடுத்த முறை நான் மலை இறங்கும்போது தானும் வருவதாகச் சொன்னார்.

வந்தார். எட்டு டின் மூடிகளில் புதுத்தூளைப் பரப்பி மெல்லிய துணி கட்டி, டிக்கியின் சுவர்களில் மேலும் கீழுமாக ஒட்டினார். நான் வழக்கம்போல் விடிந்ததும் தொட்டியைக் கழுத்துவரை நிரப்பினேன். குளிரில் பெட்ரோல் சுருங்கியிருக்கும், அதே காசுக்குக் கொஞ்சம் கூட வரும் என்பது என் கணக்கு. வளைவு வளைவாக இறங்கித் தாப்பா வெயிலில் பட்டறை முன்னால் நிறுத்தினோம். அக்கா மூடிகளை ஒவ்வொன்றாக முகர்ந்துவிட்டு இடது மேல் மூலையைத் தட்டினார். "இதைக் கழட்டுங்க."

ஃபோர்மன் அந்த மூலையில் டிக்கியின் உள்சுவரை மூடியிருந்த அட்டையைக் கழற்றினார். பின்னால் விரல் தடிமனில் ஒரு ரப்பர் குழாய். தொட்டியின் தலையிலிருந்து மேலேறி, வளைந்து, வெளியே இறங்குகிறது. தொட்டி மூச்சு விடும் வழி அதுதான். வளைவில் சோப்புத் தண்ணீர் தடவி ஊதினார், நுரை பொங்கியது. விரலால் மடக்கியதும் வெடிப்பு வாயைப் பிளந்தது. மலையில் குளிரக் குளிர நிரப்பிய பெட்ரோல் கீழே சூட்டில் பெருத்து, வளைவுகளில் குலுங்கி, அந்த வெடிப்பு வழியாகக் கசிந்திருக்கிறது. பட்டறைக்கு நான் எப்போதும் டெலிவரி எல்லாம் முடித்துத் தொட்டி இறங்கிய பிறகுதான் போவேன். அதனால் அவர் பார்த்தபோதெல்லாம் வறண்டிருந்தது. நான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்த பழக்கமே என் டீயைக் கெடுத்திருந்தது.

"அதுவும் மூச்சு விடணும்ல? கழுத்து வரைக்கும் ஊட்டினா எங்க விடும்?" என்றார் அக்கா. ஃபோர்மன் அவரைப் பார்த்து, பட்டறைக்கு வேலைக்கு வருகிறீர்களா என்று மலாயில் கேட்டார். இங்கே எல்லாமே நாறுது, என் மூக்கு செத்துடும் என்று அவரும் மலாயிலேயே சொன்னார்.

புதுக் குழாய் போட்டோம். அடுத்த லோடை ஹமீது பாய் குடித்துப் பார்த்து ஏற்றுக்கொண்டார். திரும்பி மலையேறும் வழியில் அக்காவிடம் என்ன வேண்டும் என்று கேட்டேன். அவர் ஒரு விலை சொன்னார், நான் ஒப்புக்கொண்டேன். ஆனால் கொடுத்தது பாதிதான். கிராணியின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, தப்பு என் காரில்தான் என்று மெதுவாகச் சொல்லிவிட்டு வந்தேன். அவர் வெளியே போய்ப் பெண்களிடம், இந்தத் தடவை மன்னித்து விடுகிறேன் என்றாராம். செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு எட்டுப் பேரும் வேலைக்குத் திரும்பினார்கள். அக்கா அவர்களிடம் உண்மையைச் சொல்லவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அது நீங்க சொல்ல வேண்டியது" என்றார். அதன் பிறகு எங்கே பார்த்தாலும், தைப்பூசக் கூட்டத்தில்கூட, "என்ன தவுக்கே, அந்தப் பாதி?" என்பார். நானும் சிரித்துக்கொண்டே நழுவிவிடுவேன்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்க்கப் போனேன். கண்ணை மூடிப் படுத்திருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "பெட்ரோல் போட்டுட்டு வர்றீங்க. கழுத்து வரைக்கும் இல்லையே?" என்றார். முக்கால்தான் அக்கா என்றேன். தலையை ஆட்டினார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்தப் பாதி?" என்று கேட்டார். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் கட்டாயம் அக்கா என்றேன். அடுத்த வாரம் கியா பார்மில் கூட்டம் அதிகம், நான் போகவில்லை. அதற்கடுத்த வாரம் அவர் இல்லை.

அவர் ஒட்டிய மூடிகளில் ஒன்றை இன்னும் டிக்கியின் இடது மேல் மூலையில் வைத்திருக்கிறேன். வாரம் ஒரு தடவை தூளை மாற்றி முகர்ந்து பார்க்கிறேன். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த மூடியும் அந்தக் கேள்வியும்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், தொழிற்சாலை முற்றத்தில், வேலை விடும் நேரத்தில், இப்போது எழுதும் இதை நானே நின்று வாசிக்கக் கிராணியிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். அந்த எட்டுப் பேரில் இங்கே இருக்கும் ஆறு பேரையும் வீடு வீடாகப் போய் அழைத்துவிட்டேன். கம்போங் ராஜாவுக்குக் குடிபோன இரண்டு பேரைக் கூட்டிவர அந்தக் கார் போகும்.

அன்று திரும்பி மலையேறும் வழியில் ரிங்லெட் ஏரியைத் தாண்டும்போது பார்வதி அக்கா சொன்ன விலை இது: "காசு வேணாம். எந்த முற்றத்துல கத்துனீங்களோ அதே முற்றத்துல, எங்க எட்டுப் பொம்பளைங்களும் நிக்கும்போது, அதே சத்தத்துல சொல்லணும், தப்பு என் கார்லன்னு."

நான் சரி என்றேன்.