கூட்டாளி என்று எழுத வேண்டிய இடம்

அந்த யோசனை என்னுடையதே அல்ல. உத்திரமேரூர் பக்கத்தில் இருக்கும் என் நிலத்தில் பல வருஷமாகக் களையெடுத்தவள், காலனி மகளிர் குழுவின் தலைவி, ஒருநாள் கத்திரிக்காய் பறித்துக்கொண்டே சொன்னாள்:

“இன்னாக்கா இது? நம்ம காய் கோயம்பேடு போயி, ஊர் சுத்திட்டு, மறுபடியும் நம்ம காஞ்சிபுரம் காலேஜ் ஹாஸ்டலுக்கே வாடிப்போயி வருது. நாமளே நேரா குட்த்தா இன்னா?”

சொன்னதோடு நிற்கவில்லை. என்னை இழுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய் விடுதி வார்டனிடம் பேசினாள். எங்கள் உழவர் குழு விளைவிப்பது, அவள் குழு கழுவி நறுக்கிக் கட்டுவது, விடுதி வாங்கிக்கொள்வது. மூன்று தரப்பும் சேர்ந்து கேட்டால் வண்டிக்கும் குளிர்பெட்டிக்கும் அரசு மானியம் உண்டென்று மோப்பம் பிடித்து வந்தவளும் அவள்தான். எனக்கு மிஞ்சியது விண்ணப்பத்தை நிரப்புகிற வேலை. டிகிரி படித்தவளாயிற்றே!

படிவத்தில் கூட்டாளிகளுக்கு ஒரு கட்டம், கூலியாட்களுக்கு ஒரு கட்டம். உழவர் குழுவையும் விடுதியையும் முதல் கட்டத்தில் எழுதினேன். அவளையும் அவள் குழுவையும் இரண்டாவதில் எழுதினேன். சத்தியமாக யோசித்துச் செய்யவில்லை. காலனி என்றால் கூலி என்று கை பழகிக் கிடந்தது, எழுதிவிட்டது.

ஆய்வுக்கு வந்த அதிகாரி, பஞ்சாயத்து அலுவலகத்தில் கூட்டாளிகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைத்தார். என்னைக் கூப்பிட்டார். வார்டனைக் கூப்பிட்டார். கல்யாணத்துக்குக் கட்டுகிற புடவையில் வந்திருந்த அவள், கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு பாதி எழுந்துவிட்டாள்.

“அடுத்து கூலியாட்கள், பன்னெண்டு பேரு. கை தூக்குங்கம்மா” என்றார் அதிகாரி.

பின்னால் இருந்த பெண்கள் கை தூக்கினார்கள். அவள் தூக்கவில்லை. மெல்ல உட்கார்ந்துகொண்டாள்.

மானியம் வந்தது, வண்டியும் வந்தது. குழுப் பெண்கள் வேலைக்கு வருகிறார்கள். அவள் மட்டும் ஒரகடம் பக்கம் ஏதோ கம்பெனி கேன்டீனுக்குப் போய்விட்டாள். காலையில் நாங்கள் காய் ஏற்றும்போது அந்தக் கம்பெனி பஸ் எங்களைக் கடந்து போகும். ஒரு ஜன்னல் விடாமல் பார்ப்பேன். எங்கள் வண்டியின் முன்சீட்டில் உட்கார்ந்து, டிரைவரைக் கிண்டலடித்து, வார்டனோடு மல்லுக்கு நிற்க வேண்டியவள் அவள். அவள் இல்லாத இந்த வேலை எனக்கு ருசிக்கவே இல்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தினமும் அவளுக்காக ஏங்குகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை திருத்தக் கடிதத்தோடு அவள் வீட்டுக்குப் போனேன். அவள் குழுவும் கூட்டாளிதான் என்று முத்திரை குத்தி வாங்கியிருந்தேன். டீ கொடுத்துவிட்டு, கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தாள்.

“தெரியாம எழுதிட்டேன். வந்துடு” என்றேன்.

கடிதத்தை மடித்து என் கையிலேயே வைத்தாள்.

“எழுதினது கை தவறிப்போச்சின்னே வச்சிக்கலாம்க்கா. அந்த ஆபீசர் படிக்கறப்ப நீ முன்னாடிதானே ஒக்காந்துகினு இருந்த. வாய் இருந்துச்சில்ல?”