கடவுச்சீட்டு இல்லாத வீட்டுப் பிள்ளை

மற்றவர்களின் பதிவுகளுக்கு லைக் போட்டுவிட்டு ஒதுங்குகிறவள் நான். இன்று எழுதுவதற்கு மன்னியுங்கள்.

மஹய்யாவவில் எங்கள் பக்கத்து வீட்டு தர்ஷினி இரண்டாம் வருட மாணவி. ஒரு செமஸ்டர் ஜப்பானில் படிக்கும் பரிமாற்றத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கப் போனாள். துணைக்கு நான். நல்ல பெறுபேறு, பேராசிரியரின் சிபாரிசு எல்லாம் இருந்தன. கடவுச்சீட்டு மட்டும் இல்லை.

கேம்பஸ் அலுவலகத்தில் இருந்தவர் சிரித்தார்.

“என்ன பிள்ளை, பாஸ்போர்ட் இல்லாமலே வெளிநாட்டுக்கு வெளிக்கிட்டனீரோ?”

“நோட்டீஸே நேத்துதானே சேர் போட்டீங்க. வெள்ளிக்கிழமை முடியுதுன்னா எப்படி எடுக்கிறது?” என்றாள் தர்ஷினி.

“மற்றப் பிள்ளையளிட்ட இருக்குதே.”

இருக்கும். விடுமுறைக்கு விமானம் ஏறும் வீடுகளில் அலுமாரிக்குள் எப்போதும் இருக்கும். எங்கள் வீடுகளில் கேம்பஸுக்குப் போனதே பெரிய பயணம். எல்லோரும் விண்ணப்பிக்கலாம் என்று எழுதி ஒட்டிவிட்டு, ஏற்கெனவே பறந்தவர்களை மட்டும் உள்ளே விடுவதற்குப் பெயர் தெரிவா?

கட்டுகஸ்தோட்டை பஸ்ஸில் ஏறிய பிறகுதான் எனக்கு அத்தனை பதிலும் வந்தது.

தர்ஷினி நாளை கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கிறாள். என் விரிவுரையாளர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். விண்ணப்பித்ததற்குக் கிடைக்கும் பற்றுச்சீட்டை இப்போதைக்கு ஏற்கும்படி யாராவது ஒருவர் அங்கே பேசுவீர்களா?

நீங்கள் கேட்டால் அவர் சிரிக்கமாட்டார்.