வெறும் தண்ணீரில் ஒரு மாத்திரை

பரோட்டா மாவை வீசும்போது வலது கை பிந்தியது. முதலில் தெரிந்தது அதுதான். இடது கை தன் வேலையை முடித்துவிட்டுக் காத்திருக்கும். வலது கை, கூப்பிட்டது காதில் விழாதவனைப் போல, கொஞ்சம் கழித்து வரும். அதற்குள் மாவு கிழிந்துவிடும்.

பெங்களூர் சிவாஜிநகர் பக்கம் ஒரு ஹோட்டலில் அப்போது மாஸ்டராக இருந்தேன். வயது நாற்பதைத் தொடவில்லை. அடுத்த கல்லில் நின்ற ரஃபீக், "இன்னா மாஸ்டர், மாவுக்குத் தாலாட்டு பாடறியா? அங்க ஆர்டர் நிக்குது பாரு" என்றான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். "சிரிக்கிறியா மொறைக்கிறியா, ஒண்ணும் தெரியலயே" என்றான். முகத்திலும் அந்த விறைப்பு அப்போதே வந்துவிட்டிருந்தது. எனக்குத் தெரியவில்லை.

நான் ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். லாரியில் கிளீனர், ஹூப்ளியில் கல்யாணச் சமையல், கோவாவில் மீன் கழுவும் வேலை என்று எதையும் வருஷம் முழுக்கச் செய்ததில்லை. சலித்தால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. முகவரி என்று எனக்கு இருந்தது ஆஸ்டின் டவுனில் இருக்கும் அக்காவின் வீடு ஒன்றுதான். அக்கா கமலாவுக்குக் கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. ஓசூர் ரோடு பக்கம் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் துப்புரவு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். காலையில் வேன் வந்து தெருமுனையில் ஹாரன் அடிக்கும்.

தெரு டாக்டர் நரம்புத் தளர்ச்சி என்றார். சத்து ஊசிகள் போட்டார். காலும் இழுக்க ஆரம்பித்த பிறகுதான் அக்கா என்னைப் பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பியல் பிரிவுக்குக் கூட்டிப்போனாள். டாக்டர் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தட்டச் சொன்னார். வராந்தாவில் நடக்கச் சொல்லி, திரும்பச் சொன்னார். திரும்புவதற்கு நான் எடுத்துக்கொண்ட சின்னச் சின்ன அடிகளைப் பார்த்ததும் எழுத ஆரம்பித்துவிட்டார். அவர் கன்னடத்தில் சொன்னதை அக்கா எனக்குத் தமிழில் சொன்னாள்.

பார்க்கின்சன் நோய் (உடம்பை அசைய வைக்கும் டோபமின் என்ற பொருள் மூளையில் குறைந்துகொண்டே போகும் நோய்). குணமாகாது. மாத்திரையில் ஓட்டலாம்.

"வயசானவங்களுக்கு வர்றதில்லையா சார் அது?" என்று அக்கா கேட்டாள்.

"சிலருக்கு முந்தியே வருதும்மா" என்றார் டாக்டர், அவருக்குத் தெரிந்த தமிழில்.

லெவோடோபா (மூளைக்குள் போய் டோபமினாக மாறும் மருந்து) ஆரம்பித்த முதல் இரண்டு மூன்று வருடங்களை நோய்க் காலமாகவே நான் சேர்ப்பதில்லை. பழைய கை திரும்ப வந்தது. மாத்திரைகளைப் பையில் போட்டுக்கொண்டு கோவாவுக்குக்கூட ஒருமுறை போய்வந்தேன். இதைப் படிக்கும் உங்களில் யாராவது அந்தக் காலத்தில் இருந்தால், செய்ய வேண்டியதை இப்போதே செய்துவிடுங்கள். நான் சொல்லக்கூடிய ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

பிறகு மாத்திரை சரியாக வேலை செய்யவில்லை. சில நாள் போட்டதும் உடம்பு திறக்கும். பல நாள் திறக்காது. ஆஸ்பத்திரியில் இதற்கு 'ஆன்', 'ஆஃப்' என்று பெயர். எனக்குக் காலை மாத்திரைதான் அதிகம் ஏமாற்றியது. விறைத்த கட்டையாகக் கட்டிலில் கிடப்பேன். வேன் ஹாரன் அடிக்கும். அக்கா என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டிருப்பாள்.

"நீ உன் கால்ல பாத்ரூம் போற வரைக்கும் நான் வேலைக்குப் போவேன். அது நின்னா வேலயும் நின்னுது. அவ்ளோதான் கணக்கு" என்றாள் அக்கா. அந்த வேலையில்தான் வீடு ஓடியது. அதைவிட, அந்த வேனில் ஏறும்போதுதான் அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. வேனில் அவளோடு வரும் பெண்களின் சிரிப்பு கட்டில்வரை கேட்கும்.

டாக்டர் மாத்திரையைக் கூட்டினார். கூட்டியது மதியத்தில் வந்து சேர்ந்தது. டிஸ்கைனீசியா (மருந்து மிகும்போது உடம்பு தானாக நெளிவது) வந்து, நாற்காலியில் உட்கார்ந்தபடியே பாம்பு மாதிரி ஆடினேன். காலையில் மரம், மதியத்தில் பாம்பு. அடுத்த முறை போனபோது டாக்டர், "அந்த மேடமைப் பாத்துட்டுப் போங்க" என்று மூலையில் இருந்த மேஜையைக் காட்டினார்.

அங்கே ஜெசிந்தா மேடம் இருந்தார். லிங்கராஜபுரத்துத் தமிழர். கிளினிக்கல் ஃபார்மசிஸ்ட் (மருந்து விற்பவரல்ல, கொடுத்த மருந்து நோயாளியின் உடம்பில் என்ன செய்கிறது என்று பார்ப்பவர்). நரம்பியல் பிரிவுக்கென்றே இருந்தார். அப்படி ஒரு வேலை இருப்பதே அப்போது யாருக்கும் தெரியாது. நாங்கள் வரிசையில் இருந்தபோது ஒரு பெரியவர், "சிஸ்டர், ஒரு அட்டை கம்மி பண்ணிக் குடுங்க" என்றார்.

"நான் சிஸ்டரும் இல்ல, கடையும் இல்ல தாத்தா."

"பின்ன எதுக்கு இம்மாம் மாத்திரய முன்னாடி பரப்பி வெச்சிருக்க?"

"உங்கள மாதிரி ஆளு வந்து திட்டத்தான்" என்று சொல்லி, அவர் எந்த மாத்திரையை எப்போது விட்டுவிடுகிறார் என்பதைப் பேச்சோடு பேச்சாகக் கறந்துவிட்டார்.

என்னிடம் அவர் நோயைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மலம் எப்படிப் போகிறது, கனவில் கத்துகிறேனா, சாப்பாடு தொண்டையில் நிற்கிறதா என்று கேட்டார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

"காலையில மாத்திர எப்படிக் குடுக்கறீங்க அக்கா? சொல்லாதீங்க, செஞ்சு காட்டுங்க. இது கட்டிலு. இவரு படுத்திருக்காரு."

அக்காவுக்கு வெட்கம். ஆனாலும் செய்தாள். தலையைத் தூக்கினாள், கற்பனை மாத்திரையை வாயில் போட்டாள், மேஜைமேல் இருந்த தண்ணீர் டம்ளரை வாயில் வைத்தாள்.

"அது தண்ணியா?"

"தண்ணியா? பாலும்மா. பெரிய டம்ளர்ல. வெறும் வயித்துல இவ்ளோ சூடு மாத்திர போட்டா கொடல் வெந்துபூடாது? ரெண்டு முட்டயும் அவிச்சுக் குடுத்துட்டுதான் வேனுக்கே ஓடறேன்."

மேடம் பேனாவை மூடி வைத்தார். அன்று காலையும் அதே பாலும் முட்டையும்தான். அக்காவும் ஆட்டோக்காரரும் தூக்கித்தான் என்னை உள்ளே கொண்டுவந்திருந்தார்கள். அடுத்த மாத்திரைக்கு நேரம் ஆகியிருந்தது. அதைத் தன் கையால் எடுத்துத் தண்ணீரோடு கொடுத்து, "எதுவும் சாப்பிடக் கூடாது. பெஞ்சுல இருங்க" என்றார்.

அக்கா வெளியே போய் டீ குடித்துவிட்டு, பக்கத்தில் இருந்த ஒரு கன்னடக்கார அம்மாவோடு பேசிக்கொண்டிருந்தாள். முதலில் என் பெருவிரல் அசைந்தது. பிறகு ஷர்ட் பொத்தானைப் போட வேண்டும் என்று தோன்றியது. போட்டேன். எழுந்து நின்றேன். அக்கா பாதி வார்த்தையில் நிறுத்தினாள்.

"ரெண்டும் குடல்ல ஒரே வாசல் வழியா உள்ள போகணும் அக்கா" என்றார் மேடம். "பால்ல, முட்டயில இருக்கற புரதம் முன்னாடி ஏறி ஃபுட்போர்டுல நின்னுக்குது. மாத்திரைக்கு பஸ்ஸுல எடமில்ல. மொத்தமா லேட்டா வந்து மதியத்துல ஆட்டுது."

அக்கா சந்தோஷப்படவில்லை. "அப்ப இத்தன வருசமா நான்தான் இவனக் கட்டிப் போட்டு வெச்சிருந்தேனா?"

"இல்ல அக்கா. நோய்தான் கட்டிப் போட்டுச்சு. பால் கொஞ்சம் கை குடுத்துது. சாயங்காலம் குடுங்க பாலு, முட்ட எல்லாம். காலையில தண்ணி மட்டும்."

அக்கா அன்றே பாலை நிறுத்திவிட்டாள். சாயங்காலத்துக்கும் வேண்டாம் என்றாள். தான் குடிக்கும் காபியிலும் பாலைச் சேர்க்கவில்லை. வீட்டுக்குள் பால் வரவே கூடாது என்பதைப் போல இருந்தாள். நான் கேலி செய்தேன். "வாய மூடு ஊர்சுத்தி" என்றாள்.

மரமும் பாம்பும் நின்றன. காலையில் நானே எழுந்து பாத்ரூம் போனேன். அக்கா வேன் வருவதற்கு முன்பே தெருமுனைக்குப் போய் நின்றாள்.

போகும் ஒவ்வொரு முறையும் மேடம் மாத்திரைகளை நகர்த்துவார். ஒன்றை முந்த வைப்பார், ஒன்றைப் பாதியாக உடைப்பார். ஒருநாள் அக்கா வெளியே இருந்தபோது கேட்டேன்.

"இது எவ்ளோ காலம் மேடம்?"

"அக்கா வேலைக்குப் போற வரைக்கும் இருக்குமான்னுதானே கேக்கறீங்க?"

"ஆமா."

"தெரியாது அண்ணா. மாத்திர மாறல. அத வாங்கி வெச்சுக்கற எடந்தான் மூளையில கொறஞ்சுட்டே போவுது. இருக்கற நேரத்த எடம் மாத்தி வெக்கத்தான் எனக்குத் தெரியும். புதுசாக் குடுக்கத் தெரியாது."

இப்படிச் சொன்னதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. எல்லா ஊரிலும் வழி கேட்டிருக்கிறேன். தெரியாத வழியைத் தெரிந்ததுபோலக் காட்டுகிறவர்களால்தான் அலைந்திருக்கிறேன்.

இடம் குறைந்துகொண்டேதான் போனது. ஒரு மாத்திரைக்கும் அடுத்ததற்கும் நடுவில் பள்ளம் விழுந்தது. பிறகு பள்ளங்கள் பெரிதாகி, மேடுகள் நடுவில் நின்றன. கதவு நிலைக்கு வந்ததும் கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். பரந்த இடத்தில் நடந்துவிடுவேன், வாசலைத் தாண்ட முடியாது. எத்தனையோ வீட்டு வாசலைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டியவன் நான்.

அக்கா கோலமாவால் தரையில் குறுக்குக் கோடுகள் போட்டாள். கோட்டைப் பார்த்தால் தாண்டத் தோன்றும் என்று மேடம் சொல்லியிருந்தார். கொஞ்ச நாள் தாண்டினேன்.

ஒருநாள் அக்கா போன பிறகு, கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவே விழுந்தேன். கை முறியவில்லை, கால் முறியவில்லை. எழ முடியவில்லை, அவ்வளவுதான். அடுத்த மாத்திரை அலமாரியில் இருந்தது. முகம் தரையில் இருந்ததால் கோலமாவு மூக்கில் ஏறியது. எறும்புகள் மாவுக்கு வந்தன. அவை ஒரு கோட்டை முழுதாகத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். சாயங்காலம் அக்கா வந்தபோது நான் என் மூத்திரத்தில் கிடந்தேன்.

 வெந்நீர் வைத்து என்னைக் கழுவினாள்.

மறுநாள் காலை ஹாரன் அடித்தது. அக்கா எழுந்து தெருமுனைக்குப் போனாள். அவள் குரல் கேட்டது.

"இன்னிக்கு இல்லப்பா."

"நாளைக்கு வரணுமா அக்கா?" என்றார் டிரைவர்.

"நாளைக்கும் வாணா."

திரும்பி வந்து, வேலைக்குக் கட்டும் சேலையை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்தாள்.

கடைசியாகப் போனபோது மேடம் மாத்திரை நேரங்களைத் தாளில் போட்டுப் பார்த்தார். எழுதினார், அடித்தார், மறுபடி எழுதினார்.

"இனிமே நகர்த்த எடமில்ல அக்கா. நாளுக்கு ஒரு மணி நேரம் தெளிவாக் கெடைக்கலாம், அதுவும் சில நாள்தான். அத எங்க வெக்கட்டும்? இவ்ளோ நாள் உங்க வேனுக்காகக் காலையில வெச்சேன்."

"அவனயே கேளுங்க" என்றாள் அக்கா.

மேடம் என் பக்கம் குனிந்தார். என் குரல் அப்போதே மெலிந்துவிட்டிருந்தது.

"காலையிலயே இருக்கட்டும் மேடம்" என்றேன். "அக்காவுக்குக் காப்பி போடணும். பால் ஊத்தி."

அக்கா, "இவன் ஒருத்தன்" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேடம் மேஜைமேல் பிரித்து வைத்திருந்த மாத்திரைகளைத் திரும்ப அட்டைக்குள் தள்ளப் பார்த்தார். பிரித்த மாத்திரை அட்டைக்குள் போகாது என்பது அவருக்குத் தெரியாதா என்ன.

இப்போது வீட்டுக்குப் பால் வருகிறது. காலையில் வெறும் தண்ணீரில் மாத்திரை போட்டுக்கொண்டு காத்திருக்கிறேன். உடம்பு திறந்தால் சமையலறை வரை போகிறேன். அந்த ஒரு மணி நேரத்தில் மிச்சம் இருந்தால் இதை எழுதுகிறேன். இரண்டு வரிக்குள் எழுத்து எறும்பாகச் சுருங்கிவிடுகிறது. கடிகாரம் வீட்டில் இருக்கிறது, பார்ப்பதில்லை. முன்பு எனக்கு நாள் என்பது கிளம்பிச் சேர்கிற தூரம். இப்போது உடம்பு எனக்குத் திறந்திருக்கும் கொஞ்ச நேரத்துக்குப் பெயர்தான் நாள். மீதி வேறு யாருடையதோ.

அந்த நேரமும் சொல்லிக்கொண்டு முடிவதில்லை. இன்று காலை அடுப்பைப் பற்றவைத்துப் பாலை வைத்தேன். அதோடு முடிந்துவிட்டது. கை அடுப்புத் திருகுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. பால் ஓரத்தில் முத்து முத்தாகக் கட்டியது, நடுவில் ஆடை அசைந்தது, மெல்ல எழுந்தது. அது எழுந்து வர எத்தனை நேரம் ஆகிறது என்று உங்களுக்குத் தெரியாது. கோவாவிலிருந்து பெங்களூர் வந்துவிடலாம். தெருமுனையில் யாருக்காகவோ வேன் ஹாரன் அடித்தது. பால் விளிம்புக்கு வந்து, நின்று, வழிய ஆரம்பித்தது. உள்ளறையில் அக்கா எழுந்து செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது. அவள் வரும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.