குறுக்குத்துறைச் சாலையில் ஓட்டம்

எந்த ஊருக்குப் போனாலும் விடிந்ததும் ஓடித்தான் அதைப் பார்ப்பேன். இன்று திருநெல்வேலி. ஜங்ஷன் லாட்ஜிலிருந்து கிளம்பி, இன்னும் திறக்காத எஸ்.டி.டி. பூத்துகளைத் தாண்டி, குறுக்குத்துறைச் சாலையில் மருத மரங்களுக்கு அடியில் ஓடுகிறேன். சுடிதாரும் கான்வாஸ் ஷூவுமாக ஒருத்தி ஓடுவதைப் பார்த்துச் சைக்கிள்கள் மெதுவாகின்றன. நான் மெதுவாகவில்லை.

ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு வரும் ஒரு பெண் பதறிப்போய் என்னை மறிக்கிறாள். என் வயதுதான் இருக்கும்.

“எவனும் வெரட்டுதானா?”

“இல்லக்கா, ஊரைச் சுத்திப் பார்க்கிறேன்.”

“ஓடிக்கிட்டா?” என்று சிரிக்கிறாள். “நானும் பள்ளிக்கூடத்துல ஓடுனவதான். கல்யாணத்துக்குப் பெறவு விட்டாச்சு.”

“அந்த மண்டபம் வரைக்கும் வாங்களேன்.”

சாலையின் இரண்டு பக்கமும் பார்க்கிறாள். துணி வாளியை மரத்தடியில் வைத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வெறுங்காலோடு பாய்கிறாள். என் ஓட்டத்தின்மேல் எனக்கு நம்பிக்கை உண்டு. ஆனாலும் பாதி வழியிலேயே அவள் முதுகைத்தான் பார்க்கிறேன்.

மண்டபத் தூணைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குகிறாள். முகமெல்லாம் சிரிப்பு.

“நாளைக்கும் இந்நேரத்துக்கு வருவேன். நீங்களும் வந்துருங்க.”

இன்று ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் எடுத்திருக்கிறேன்.

“வந்துடறேன்க்கா” என்கிறேன்.