ஆமணக்கு இலையில் முள் இல்லை

வலைக்கூண்டுக்குள் இருந்த ஆமணக்கு இலையை ஒரு நாள் காலையில் திருப்பிப் பார்த்தேன். எங்கள் ஆய்வுப் பிரிவின் கெட்ட காலம் அன்றைக்குத்தான் தொடங்கியது. தொண்ணூறுகளின் கடைசி. புனேயில் ஓர் ஆய்வுக்கூடத்தில், வெள்ளை ஈக்களை இனம் பிரிக்கும் வேலை எனக்கு.

பறக்கும் வெள்ளை ஈக்கள் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். அதனால் இறக்கை முளைப்பதற்கு முன்னால், இலையின் அடியில் அசையாமல் ஒட்டிக்கிடக்கும் கூட்டுப்புழுவை வைத்துத்தான் இது இன்னது என்று சொல்வோம். அதைப் பொட்டாஷில் காய்ச்சி, சாயமேற்றி, ஸ்லைடில் பதித்து, முள், துளை, விளிம்பு என்று ஒவ்வொன்றாகப் படம் வரைவோம். கண்ணைக் கெடுக்கும் வேலை.

எங்களோடு ஒப்பந்த வேலையில் இருந்த பிரபாகர், சிம்மகட் மலைச்சரிவில் ஒரு புதர்ச்செடியில் ஒரு வெள்ளை ஈயைக் கண்டெடுத்தான். அந்தச் செடியின் இலை வெல்வெட் போல ரோமம் அடர்ந்தது. கூட்டுப்புழுவின் முதுகெங்கும் நீண்ட முட்கள். தெரிந்த எந்த ஜீனஸிலும், அதாவது பேரினத்திலும், அதைச் சேர்க்க முடியவில்லை. பழைய ஸ்லைடுகளையெல்லாம் வரவழைத்து ஒப்பிட்டு, புது ஜீனஸ் என்று எழுதினான். கட்டுரை வெளிவந்தது.

அவன் புனேயின் கட்கிப் பகுதியில் பிறந்து வளர்ந்தவன். வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவத் தொழிற்சாலை வேலைக்கு வந்தவர் அவன் அப்பா. “எம்பையன் ஒரு பூச்சி ஜாதிக்கே பேரு வச்சிகீறான்” என்று கட்கி பஜார் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். நிரந்தர வேலைக்கான இன்டர்வியூ வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பூச்சியின் வாழ்க்கைச் சுற்றை எழுதும்படி எங்கள் பிரிவுத் தலைவர் தேஷ்பாண்டே என்னிடம் சொன்னார். மலைச்செடியைத் தொட்டியில் வைத்தேன், வாடிவிட்டது. அதிலிருந்து வெளிவந்து பறந்து திரிந்த ஈக்கள் செத்துவிடுமே என்று கைவசம் இருந்த ஆமணக்குக் கன்றைக் கூண்டுக்குள் வைத்தேன். அவை அதில் முட்டையிட்டன. வளர்ந்து வந்த கூட்டுப்புழுக்களில் ஒரு முள்கூட இல்லை. ஆமணக்கில் எங்கும் கிடைக்கிற பழைய, சாதாரண வெள்ளை ஈ.

பிரபாகரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அரே அக்கா, உங்க செடியில முன்னாடியே அது இருந்திருக்கும். கன்ஃபர்ம்.”

“விதை போட்டு வலைக்குள்ளயே வளத்த கன்னுடா.”

இலையை மறுபடி திருப்பிப் பார்த்தான். “அப்போ உல்ட்டாவா செஞ்சு பாக்கலாம்” என்றான்.

மலைச்செடியின் விதையைக் கொண்டுவந்து அவனே முளைக்க வைத்தான். அது இலை விட்டதும் முள்ளில்லாத ஆமணக்கு ஈக்களை அதில் விட்டான். தினமும் கூண்டருகே போய் நிற்பான். என்னைத் தொட விடமாட்டான். கடைசியில் ஸ்லைடையும் அவனேதான் தயாரித்தான். மைக்ரோஸ்கோப்பிலிருந்து நிமிர்ந்து, “பாருங்க” என்று நகர்ந்துகொண்டான்.

நீண்ட முட்கள். அவன் வரைந்த படத்தில் இருந்தபடியே, அதே வரிசையில். இலையில் ரோமம் இருந்தால் பூச்சிக்கு முள் முளைக்கிறது, இல்லாவிட்டால் இல்லை. இரண்டும் ஒரே பூச்சிதான். புது ஜீனஸ் என்று ஒன்று இல்லவே இல்லை.

தேஷ்பாண்டே கதவைச் சாத்திவிட்டு ஹிந்தியில் பேசினார். “இதை யார் செஞ்சு பாக்கப் போறாங்க? இன்டர்வியூ முடியட்டும். கூண்டைக் காலி பண்ணுங்க.” பிரபாகர்மேல் இருந்த அக்கறையில்தான் அப்படிச் சொன்னார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. பிரபாகரிடம் சொல்லவும் செய்தேன்.

“நாளைக்கு வேற ஒருத்தன் ஆமணக்குல வளப்பான் அக்கா. அப்போ என் மத்த ஸ்லைடு ஒண்ணையும் எவனும் நம்ப மாட்டான்.”

தன் ஜீனஸ் செல்லாது என்று அவனே கட்டுரை எழுதி அனுப்பினான். இன்டர்வியூவில் அதைப் பற்றி மட்டுமே கேட்டார்களாம். வேலை வேறொருவருக்குப் போனது. ஒப்பந்தமும் நீட்டிக்கப்படவில்லை.

சில வாரம் கழித்து அவன் அப்பா ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அப்டி ஒரு பூச்சியே இல்லன்றான்மா. நெசமா?”

“பூச்சி இருக்குங்கய்யா. அது முன்னமே பேரு வச்ச பூச்சி.”

“அத அவனே சொல்லணுமா? வேற ஆளே இல்லியா?”

கேட்டுவிட்டு அவர் வெளியே நடந்துவிட்டார்.

பிரபாகர் புனேக்கு வெளியே ரஞ்சன்காவில் உதிரிபாகங்கள் செய்யும் கம்பெனியில் தர சோதனை வேலைக்குச் சேர்ந்தான். போன் செய்தால் எடுப்பான். பூச்சியைப் பற்றிப் பேச்சு வந்தால், “ஷிஃப்டுக்கு நேரமாச்சு அக்கா” என்று வைத்துவிடுவான். பிறகு நானும் கூப்பிடுவதைக் குறைத்துக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வரும் இளையவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். புதிது என்று தோன்றினால், பேர் வைப்பதற்கு முன் அதை வேறொரு செடியில் வளர்த்துப் பாருங்கள். இதைச் சொல்லித்தான் நான் பல வருஷம் வகுப்பெடுத்தேன், நல்ல பெயரும் வாங்கினேன். அந்தப் பாடத்துக்காக வேலையை இழந்தவன் பிரபாகர்.